மூக்கால் பியர் காய்ச்சிய அக்கா

மோர்டனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்த அக்காவைக் கண்டு முதலில் எனக்குப் பயம்தான் வந்தது. மரியாதை பிறகு வந்தது. பயத்துக்குக் காரணம் அவருடைய மூக்கு.

அந்தத் தெருவுக்கு நாங்கள் புதிதாகக் குடிவந்து, பால் காய்ச்சி, அயலில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களை அழைத்திருந்தோம். வந்தவர்கள் சுவரின் நிறத்தையும் சோபாவையும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் குசினி வாசலில் நின்று ஒருதரம் மூச்சை உள்ளே இழுத்தார். "தம்பி, உந்தப் பிரிட்ஜுக்குப் பின்னாலை எலி ஒண்டு செத்துக் கிடக்கு" என்றார். தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சொல்வார்களே, அதே குரல். என் மனைவிக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் இருவர் மூக்கிலும் ஒன்றும் படவில்லை. விருந்தினர் போனபின், வந்த இடத்தில் இப்படியா பேசுவது என்று அக்காவைத் திட்டித் தீர்த்தோம். அந்த வாரமே வீடு நாறத் தொடங்கியது. பிரிட்ஜை இழுத்துப் பார்த்தால் எலி இருந்தது.

பார்வைக்கு அக்கா ஒரு சின்ன உருவம். ஐம்பது வயதைத் தாண்டியவர். எந்தக் காலத்திலும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். ஏதோ ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலை. அதிகம் பேசமாட்டார். பேசினால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மணந்து பாத்தனீரோ?" கறிவேப்பிலை வாங்கி வந்தாலும் கேட்பார், கார் வாங்கி வந்தாலும் கேட்பார். அவருடைய சகோதரி மகள் ஒருத்தி வால்தம்ஸ்டோவில் ஒரு பிளாட் பார்த்துவிட்டு வந்து, போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. மணந்து பார்த்தாயா என்றுதான் கேட்டார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். படுக்கை அறைச் சுவருக்குப் பின்னால் ஈரம் ஊறுகிறது என்று அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டார். பிளாட்டை விட்டுவிட்டார்கள். வேறு யாரோ வாங்கி, சுவரை உடைத்துத் திருத்தினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இப்படிப்பட்ட மூக்கு பியரில் போய் விழுந்தது தற்செயல்தான். அவருடைய வேலையிடத்தில் ஓய்வு பெற்றுப்போன ஒரு வெள்ளைக்காரர், வீட்டிலே தான் பியர் காய்ச்சிய பெரிய பானையையும் சாமான்களையும் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஆட்கள் வந்தால் இடியப்பம் அவிக்க உதவும் என்று அக்கா கையை உயர்த்திவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பொட்டலம். அதில் ஹொப்ஸ் இருந்தது. ஒரு கொடியில் பூக்கிற பச்சைப் பூ அது. பியருக்குக் கைப்பையும் மணத்தையும் கொடுப்பது அதுதான். அக்கா அதை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து மணந்து பார்த்தார். பார்த்தபடியே குசினிக்குள் கனநேரம் நின்றாராம். இதை எனக்குச் சொன்னது அவருடைய கணவர். பானைக்குள் பேய் கீய் இருந்ததோ என்று தான் பயந்துபோனதாகச் சொன்னார்.

அவரை நாங்கள் அத்தான் என்போம். அத்தான் கோயில் நிர்வாக சபைக்காரர். காலையில் திருநீறு பூசாமல் வாசல் தாண்டமாட்டார். யாராவது போத்தலைத் திறந்தால் எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார். அவருடைய வீட்டில் பியர் காய்ச்சப் போகிறேன் என்று மனைவி சொன்னால் மனுசன் என்ன செய்வார்? வீட்டுக்குள் கூடாது, தன் கை படாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அக்கா தோட்டத்தின் மூலையில் இருந்த கொட்டிலுக்குள் காஸ் அடுப்பைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, அந்தச் சாற்றைக் கொதிக்கவிடும்போது தெரு முழுக்க ஹோர்லிக்ஸ் கரைத்த மாதிரி மணக்கும். சனிக்கிழமையில் அந்த மணம் வந்தால், அக்கா கொட்டிலுக்குள் இறங்கிவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

செய்தி கோயிலுக்கும் போனது. போகிற வழியில் பியர் கசிப்பாகி, கள்ளச்சாராயமாகிவிட்டது. ஒருநாள் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த இடத்தில், சபையின் பெரிய மனிதர் ஒருவர் அத்தானிடம் உங்கள் வீட்டில் கசிப்புக் காய்ச்சுவதாகக் கதை அடிபடுகிறதே என்று கேட்டார். எல்லாருடைய கத்தியும் நின்றது. அத்தான் பூசணிக்காயைக் கீழே வைத்தார். "கசிப்பு வடிக்கிறது. அவ காய்ச்சிப் புளிக்க விடுறா. இரண்டும் வேறை" என்றார். பிறகு பூசணிக்காயை எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டார். கொட்டில் பக்கமே போகாத மனுசனுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்தேன். கேட்கத் துணிவு வரவில்லை.

அக்கா பெரிதாகக் குடிக்கமாட்டார். ஒரு வாய், கூடினால் இரண்டு. மிச்சம் முழுக்க எங்களுக்கும் அயலில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கும் போகும். முதல் போத்தலைக் குடித்த அன்று, நான் அதுவரை பியர் என்று காசு கொடுத்து வாங்கிய தண்ணீரையெல்லாம் நினைத்து எனக்குக் கோபம் வந்தது. தோடம்பழத்தின், அதாவது ஆரஞ்சின், தோலை நகத்தால் கீறினால் ஒரு தூவல் பறக்குமே, அது கிளாசுக்குள் இருந்தது. பின்னால், தொண்டைக்குப் பக்கத்தில், அளவான ஒரு கைப்பு.

இதென்ன பெரிய வித்தை என்று நானும் ஒரு பானை வாங்கினேன். ஹொப்ஸ் வாங்கினேன். இங்கேதான் யாழ்ப்பாணத்து வளர்ப்பு என்னை மோசம் செய்தது. எங்கள் வீடுகளில் தடிமன் காய்ச்சலுக்கு மல்லித்தண்ணி அவிப்பார்கள். இலையோ வேரோ பூவோ எதுவானாலும் தண்ணீரில் போட்டு, வற்ற வற்றக் கொதிக்க வைத்தால்தான் சத்து இறங்கும் என்பது எங்களுக்கு இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. நானும் பொட்டலம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டி வற்றவைத்தேன். வீடு என்னமாய் மணத்தது! பிள்ளைகள் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்கள். புளித்து அடங்கி, போத்தலில் நின்று, குடிக்கிற நாள் வந்தது. வேப்பெண்ணெய் தோற்றது. மணம் என்று மருந்துக்கும் இல்லை.

அக்காவிடம் கொண்டுபோனேன். முழு வாயையும் விழுங்கினார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம். அவித்தபோது வீடு நன்றாக மணந்ததா என்று கேட்டார். பெருமையோடு ஓம் என்றேன்.

"அதுதானே. வீட்டுக்குள்ளை போனது திரும்பிப் பானைக்குள்ளை வருமோ? நீர் பியர் காய்ச்சேல்லை தம்பி, கசாயம் அவிச்சிருக்கிறீர். சொதிக்குத் தேசிக்காயை அடுப்பிலை வைச்சே விடுவீரோ?"

என் மனைவி உடனே விளங்கிக்கொண்டு தலையாட்டினாள். தேங்காய்ப்பால் சொதியை இறக்கி வைத்து, கொதி அடங்கிய பிறகுதான் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிய வேண்டும். அடுப்பில் பிழிந்தால் கைத்துவிடும், மணமும் போய்விடும். ஹொப்ஸும் அந்தச் சாதிதான். கொதிக்கிற பானையில் போட்டால் அதன் கைப்பு கரைந்து இறங்கும், மணமோ ஆவியோடு ஓடிவிடும். அடுப்பை அணைத்து, ஆறவிட்டுப் போட்டால் கைப்பு அவ்வளவாக இறங்காது, மணம் தங்கும். ஆகவே அக்கா முதலில் கொதியில் கொஞ்சம் போடுவார், அது கைப்புக்கு. கைப்பே இல்லாவிட்டால் சீனிப்பாணி குடித்த மாதிரித் தித்தித்துத் திகட்டும். மிச்சத்தை அடுப்பு அணைந்த பிறகு போடுவார், அது மணத்துக்கு. இவ்வளவையும் எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். அணைந்த பிறகு எந்தக் கணத்தில் போடுவது என்பதில்தான் அக்கா இருந்தார்.

அதை ஒருநாள் கூட நின்று பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அக்கா பானைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். இடைக்கிடை ஒரு அகப்பையில் சாற்றை மொண்டு, அதில் ஒரு சிட்டிகை ஹொப்ஸைத் தூவி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். எனக்கும் நீட்டினார். மணம் பாய்ந்து வந்து மூக்கில் ஏறியது. இப்போது போடுவோமே என்றேன். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். இன்னும் சூடு, அதனால்தான் மணம் இப்படி ஓடி வருகிறது, ஓடி வருகிற மணம் பானையில் நிற்காது என்றார். இன்னொரு தரம் மொண்டார். இன்னொரு தரம். கடைசியாக நீட்டிய அகப்பையில் எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. மூக்கு சாற்றில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து தேடியபிறகுதான், அடியில் அது இருந்தது. தோடந்தோல், பிறகு ஏதோ ஒரு பூ.

"மணம் எங்களைத் தேடி வரக்கூடாது. நாங்கள்தான் அதைத் தேடிப் போகவேணும்" என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் பானைக்குள் சொரிந்தார்.

நான் சந்தேகப் பிராணி. இறைச்சியின் சூடு பார்க்கிற கம்பி ஒன்றை சட்டைப் பைக்குள் கொண்டுபோயிருந்தேன். அக்கா திரும்பிய நேரம் பார்த்துப் பானைக்குள் விட்டேன். எண்பது பாகை காட்டியது. மணம் பிடிக்க உகந்த சூடு என்று அனுபவசாலிகள் சொல்வதும் அதுதான். அடுத்த முறையும் கொண்டுபோனேன். அன்று குளிர்நாள், வேறு பருவத்து ஹொப்ஸ், பானையும் அரைப்பானைதான். எண்பதுக்கு ஒரு மயிரிழை கீழே. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையைச் சொன்னால், கோயிலில் கற்பூர ஆராத்தி நேரத்தில்கூட எனக்கு அப்படிச் சிலிர்த்தது குறைவு.

அதற்குப் பிறகுதான் கொரோனா வந்தது. எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் போனது. அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒன்றாகவே வந்து, இருவரும் தப்பிவிட்டார்கள். நல்லபடியாக எழும்பிவிட்டார்கள் என்று நாங்கள் நிம்மதிப்பட்டோம். கதவுகள் திறக்கலாம் என்று ஆனதும் அக்கா ஒருநாள் எங்கள் குசினிக்கு வந்து உட்கார்ந்தார். பேச்சுக்கிடையில் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டோம். அது பொங்கி, வழிந்து, அடுப்பில் கருகி, புகையே வந்துவிட்டது. மனைவி பதறி ஓடிவந்து அணைத்தாள். அடுப்புக்கு மிகக் கிட்ட, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவர் அக்கா. அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, ஓம், ஒன்றும் மணக்கிறதில்லை என்றார். வரும் என்றும் சொல்ல ஏலாது, வராது என்றும் சொல்ல ஏலாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பழைய போத்தல் ஒன்றைத் திறந்து பார்த்ததாகவும் சொன்னார்.

"கைப்பு மட்டும் இருக்கு தம்பி. அது நாக்கிலை இருக்கிறது. மிச்சம் எல்லாத்தையும் ஆரோ எடுத்துக்கொண்டு போயிட்டினம்."

கோடை வந்து போனது. கொட்டில் பூட்டியே கிடந்தது. அக்கா வேலைக்குப் போனார், வந்தார், கண்டால் சிரித்தார். யாரிடமும் மணந்து பாத்தனீரோ என்று கேட்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கொட்டிலைத் திறந்து, இந்தப் பானையை நீர் கொண்டுபோம், இனி எனக்கு என்னத்துக்கு என்றார். நான் என்ன சொல்வது? இனி அந்தக் கொட்டிலில் அடுப்பு எரியாது என்பதை ஏற்றுக்கொண்டு பானையைத் தூக்க வேண்டும், அல்லது மறுத்து ஏதாவது பொய் ஆறுதல் சொல்ல வேண்டும். பானையின் பெரிய தகரக் காதுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு முழித்தபடி நின்றேன். அப்போது பின்னால் ஒரு நிழல். அத்தான். கொட்டில் வாசலில் அவரை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"பானை இஞ்சையே இருக்கட்டும்" என்றார். பிறகு அக்காவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் மணந்து சொல்லுறன். மணக்கிறது குடிக்கிறதில்லைத்தானே."

நான் பானையை மெதுவாகக் கீழே வைத்தேன்.

நல்ல முடிவாகத்தான் இருந்தது, ஆனால் முதல் பானை பாழாய்ப் போனது. அகப்பையை நீட்டியதும் அத்தான் ஒருதரம் மூச்சிழுத்துவிட்டு, ஆகா, நல்லா மணக்குது, போடும் என்றிருக்கிறார். அக்கா போட்டுவிட்டார். எங்கள் பேச்சில் இருக்கிற வில்லங்கம் இது. மல்லிகையும் மணக்கும், மீன் சந்தையும் மணக்கும், இரண்டுக்கும் ஒரே சொல். எந்த மணம், எவ்வளவு, எங்கேயிருந்து வருகிறது என்று எங்களில் யார் சொல்லிப் பழகியிருக்கிறோம்? அகப்பையிலிருந்து பாய்ந்து ஓடிக்கொண்டிருந்த மணத்தைத்தான் அத்தான் நல்ல மணம் என்றார். பானை அப்போது கொதியிலிருந்து இறங்கவே இல்லை.

அந்தப் போத்தலை எனக்கு ஊற்றித் தந்துவிட்டு அக்கா முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். பொய் சொல்லவேண்டாம் என்றார். சொல்லவில்லை. கடும் கைப்பு, மணம் இல்லை என்றேன். அத்தான் தலையைக் குனிந்தார். அக்காவின் முகமோ தெளிந்தது.

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. எனக்கு எல்லாமே கைக்கிறதாலை, இது பியரின்ரை பிழையோ என்ரை பிழையோ எண்டு தெரியேல்லை. அப்ப என்ரை நாக்கு பொய் சொல்லேல்லை."

அன்று தொடக்கம் அவர்கள் இரண்டுபேரும் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இப்போதும் வாய் அடைத்துவிடும். அக்கா அத்தானின் மூக்குக்குச் சொல் தேடினார். இப்போதுதான் கடைகளில் நல்ல கருவி விற்கிறார்களே என்று சூடு காட்டுகிற ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ஆனால் அது இலக்கம்தான் சொல்லும், இந்தப் பொட்டலத்துக்கு என்ன மணம், அது இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லாது என்றார். தோடந்தோல், புல், தேயிலை என்று அத்தானுக்குச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்த மனுசனுக்குத் தெரிந்த மணமெல்லாம் கோயில் மணம். அக்கா அதைக் கண்டுபிடித்தார். பிறகு கோயிலை வைத்தே கேட்கத் தொடங்கினார்.

அடுத்த பானை காய்ச்சியபோது நானும் போயிருந்தேன். அடுப்பு அணைந்தது. அத்தான் குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். அக்கா அகப்பையை நீட்டி, கோயிலுக்குள்ளே எந்த நேரம் என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அத்தான் கண்ணை மூடினார். தீபாராதனை, தட்டு நிறையக் கற்பூரம் எரிகிறது, மூக்கில் அடிக்கிறது என்றார். அக்கா பொறுங்கோ என்றார். பொறுத்தார்கள். மறுபடி அகப்பை. கற்பூரம் அணைந்துவிட்டது, ஆனால் சனம் இன்னும் கலையவில்லை என்றார் அத்தான். அக்கா பொறுத்தார். எனக்குச் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. வெளியே மழை தூறியது. அத்தான் அடுத்த அகப்பைக்குக் குனிந்தார், இன்னும் குனிந்தார், மூக்கு நுனி நனைகிற மாதிரி.

"எல்லாரும் போயிட்டினம்" என்றார் மெதுவாக. "நடை சாத்தப் போறாங்கள். தேசிக்காய் மாலை தெரியுது. கிட்டப் போனாத்தான் தெரியுது."

அக்கா ஹொப்ஸ் முழுவதையும் பானைக்குள் சொரிந்தார். நான் கருவியை விட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை.

அக்காவின் மூக்கு திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. சில வருடங்களில் அவர்கள் மகளோடு இருக்கவென்று அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அதுவரைக்கும் கொட்டிலில் அடுப்பு எரிந்தது.

ஆனால் அந்த மழைநாள் பானையின் முதல் போத்தலைத் திறந்த பின்னேரத்தைச் சொல்லாமல் விட ஏலாது. தோட்டத்தில் மூன்று கதிரை போட்டிருந்தோம். நான் குடித்துவிட்டேன். நன்றாக இருந்தது என்று சொன்னால் அது அதற்குச் செய்கிற அவமரியாதை. என் முகத்திலேயே அக்காவுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் கிளாஸை எடுத்து அத்தானிடம் நீட்டினார்.

அத்தான் மற்ற அறைக்கு எழுந்து போகவில்லை. கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி, உதட்டில் படாமல் மூக்குக்குக் கீழே பிடித்தார். கனநேரம் பிடித்திருந்தார். பிறகு அக்காவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"முதல்லை தேசிக்காய்த் தோல்" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். விழுங்கிவிட்டு, கிளாஸை மறுபடி அவரிடம் நீட்டி, "பிறகு?" என்றார்.

அத்தான் குனிந்து தேடினார்.